பெயரடை அறிவோம்: தமிழ், மலாய், இத்தாலியம்

 

இலக்கணம் என்றவுடன் முகம் சுளிப்பவர் பலர். கதை கரும்பாகவும் இலக்கணம் வேம்பாகவும் அவர்களுக்குத் தோன்றுகின்றன. ஆயினும் நாம் நாள்தோறும் பேசும் பேச்சில் இலக்கணம் இல்லாத வாக்கியம் ஒன்றேனும் உண்டோ? இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் 'பெரிய வீடு' என்றுதான் சொல்கிறாரே அன்றி 'வீடு பெரிய' என்று சொல்வதில்லை. அந்தப் பாட்டிக்கு இலக்கணம் தெரியும். இலக்கணத்தின் பெயர்தான் தெரியாது.

இக்கட்டுரையை எழுத நம்மைத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றை முதலில் கூறிவிடுகிறோம். நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் தன் மலாய்ப் பயிற்சியேட்டில் 'சிவப்புச் சட்டை' என்பதற்கு 'மேரா பாஜு' என்று எழுதியிருந்தான். 'பெரிய வீடு' என்பதற்குப் 'பெசார் ரூமா' என்று எழுதியிருந்தான். இவ்வாறு ஐந்து இடங்களில் பிழை. ஐந்து இடங்களிலும் ஆசிரியர் சிவப்பு மையால் கோடிட்டிருந்தார். மறுநாள் மாலை, செம்பனைத் தோட்டத்தில் வேலை முடித்த அவன் தந்தையார், கைகால் கழுவிக்கொண்டு பள்ளிக்கு வந்தார். ஏட்டை நம் முன் விரித்து வைத்து, "ஐயா, பையனுக்கு மலாய் மண்டையில் ஏறமாட்டேன் என்கிறதே. தமிழ்ப்பள்ளியில் போட்டதுதான் தப்போ?" என்று கேட்டார்.

அக்கேள்வியை அவர் ஒருவர் மட்டும் கேட்கவில்லை. பிறையிலும் பட்டர்வொர்த்திலும் புக்கிட் மெர்தாஜாமிலும் வாழும் எத்தனையோ பெற்றோரின் உள்ளத்தில் உள்ள கேள்வி அது. ஆகவே அதற்குரிய விடையை எல்லாரும் அறியும்படி இங்கே எழுதுகிறோம்.

பெயரடை என்பது யாது?

ஒரு பொருளையோ ஆளையோ இடத்தையோ குறிக்கும் சொல் பெயர்ச்சொல். வீடு, சட்டை, மரம், தந்தை என்பன பெயர்ச்சொற்கள். அப்பெயருக்கு அடையாக நின்று அது எத்தகையது என்று காட்டும் சொல் பெயரடை. பெரிய வீடு, சிவப்புச் சட்டை, உயர்ந்த மரம், நல்ல தந்தை என்னும் தொடர்களில் பெரிய, சிவப்பு, உயர்ந்த, நல்ல என்பன பெயருக்கு அடையாக வந்தன.

உலக மொழிகள் பலவற்றிலும் பொருளின் பண்பைச் சொல்ல வழி உண்டு. ஆனால் அடை எங்கே நிற்கும், எவ்வாறு மாறும் என்னும் இரண்டு கேள்விகளுக்கும் மொழிக்கு மொழி விடை வேறுபடும். முன்னே நிற்குமா, பின்னே நிற்குமா? பெயருக்கு ஏற்ப உருமாறுமா, மாறாதா? இவ்விரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

தமிழில் பெயரடை

தமிழில் அடை பெயருக்கு முன்னே நிற்கும். நல்ல மாணவன், நல்ல மாணவி, நல்ல மாணவர்கள், நல்ல புத்தகம், நல்ல புத்தகங்கள் என்று கூறிப் பாருங்கள். பெயர் ஆண்பாலாயினும் பெண்பாலாயினும், ஒன்றாயினும் பலவாயினும், 'நல்ல' என்னும் சொல் சிறிதும் மாறவில்லை.

ஆனால் அதே பண்பைச் சொல்லும் சொல் வாக்கியத்தின் முடிவில் வந்தால் நிலைமை வேறு. அவன் நல்லவன், அவள் நல்லவள், அவர் நல்லவர், அது நல்லது, அவை நல்லவை என்று ஐந்து பாலுக்கும் ஐந்து வடிவம் கொள்கிறது. பழந்தமிழில் நல்லன், நல்லள், நல்லர், நன்று, நல்லன என்பர். இவற்றைக் குறிப்பு வினைமுற்று என்று இலக்கணம் கூறும். முன்னே நின்றால் மாறாது. முடிவில் நின்றால் மாறும். இவ்வேறுபாட்டை நினைவில் கொள்க. பின்னர் இத்தாலிய மொழியைக் காணும்போது இது பயன்படும்.

தமிழுக்கு மற்றொரு வழக்கமும் உண்டு. பண்பைக் குறிக்கும் சொல் சுருங்கிப் பெயரோடு ஒட்டி ஒரே சொல்லாகிவிடும். செம்மை என்பதும் தாமரை என்பதும் சேர்ந்து செந்தாமரை ஆகும். இதனைப் பண்புத்தொகை என்பர். வெண்ணிலா, கருங்கல், பசுங்கிளி, பெருங்கடல் யாவும் அவ்வாறு வந்தனவே. நம் தோட்டங்களில் குலை குலையாய்க் காய்க்கும் செம்பனையும் ஒரு பண்புத்தொகை. செம்மை நிறக் காய்களை உடைய பனை செம்பனை. அக்குலைகளை வெட்டிச் சுமக்கும் தொழிலாளர் ஒவ்வொருவரும் நாளுக்கு நூறு முறை ஒரு பண்புத்தொகையைச் சொல்லுகிறார் என்றால் அது மிகையாகாது.

மலாயில் பெயரடை

இனி நம் நாட்டின் தேசிய மொழிக்கு வருவோம். மலாயில் பெயர் முதலில் வரும். அடை பின்னர் வரும். ரூமா என்றால் வீடு. பெசார் என்றால் பெரிய. ஆகவே பெரிய வீடு 'ரூமா பெசார்'. பாஜு என்றால் சட்டை. மேரா என்றால் சிவப்பு. ஆகவே சிவப்புச் சட்டை 'பாஜு மேரா'. எதைப் பற்றிப் பேசுகிறோமோ அதை முதலிலும், அதை விளக்கும் சொல்லைப் பின்னும் வைப்பது மலாயின் மரபு. மலாய் இலக்கண நூலார் இதனை 'டி-எம்' விதி என்பர். விளக்கப்படுவது முன்னே, விளக்குவது பின்னே என்பது அதன் பொருள்.

இவ்விதியை மனனம் செய்ய வேண்டுவதில்லை. நம் ஊர்ப் பெயர்களே அதனைக் கற்பிக்கும். பேருந்தில் செல்லும்போது பலகைகளைப் படித்துப் பாருங்கள். தீவில் உள்ள ஆயர் ஈத்தாம் என்னும் ஊர்ப்பெயரில் ஆயர் என்றால் நீர். ஈத்தாம் என்றால் கறுப்பு. தமிழில் சொன்னால் கருநீர். புக்கிட் தெங்ஙா என்பதில் புக்கிட் குன்று, தெங்ஙா நடு. தமிழில் நடுக்குன்று. பெர்மாத்தாங் திங்கி என்பதில் பெர்மாத்தாங் மேட்டுநிலம், திங்கி உயர்ந்த. ஜாலான் பாரு என்பதில் ஜாலான் சாலை, பாரு புதிய. தமிழில் புதுச்சாலை. நான்கு பெயரிலும் பொருள் முன்னே, அடை பின்னே. தமிழில் மொழிபெயர்த்தவுடன் நான்கும் தலைகீழாகத் திரும்பிவிட்டன.

பண்புச்சொல் மட்டுமன்று, பெயர் பெயரை விளக்கினாலும் இதே வரிசைதான். புலாவ் பினாங் என்பது நம் மாநிலத்தின் மலாய்ப் பெயர். புலாவ் தீவு, பினாங் கமுகு. தமிழில் கமுகுத்தீவு என்போம். அவ்வாறே நீண்ட தொடர் ஒன்று பெயரை விளக்கினாலும் வரிசை மாறாது. 'நான் வாங்கிய புத்தகம்' என்பதை மலாயில் 'பூக்கு யாங் சாயா பெலி' என்பர். பூக்கு, அதாவது புத்தகம், முதலில் வந்துவிட்டது. நான் வாங்கிய என்பது 'யாங்' என்னும் சொல்லின் துணையோடு பின்னர் வருகிறது.

மலாயில் அடை ஆண்பால் பெண்பால் நோக்கி மாறுவதில்லை. பலவற்றைக் குறிக்க வேண்டின் பெயரை இரட்டித்து 'ரூமா-ரூமா பெசார்' எனலாம். சில வேளைகளில் அடையை இரட்டித்து 'ரூமா பெசார்-பெசார்' என்றும் கூறுவர்.

விதி என்று இருந்தால் விலக்கும் இருக்கும். தலைமை அமைச்சரைப் 'பெர்டானா மெந்திரி' என்கிறோம். இங்கே 'பெர்டானா' முன்னே நிற்கிறது. துணை இயக்குநரைத் 'திம்பாலான் பெங்ஙாரா' என்பதும் அவ்வாறே. பதவிப் பெயர்கள் சிலவற்றில் இவ்வரிசை நிலைத்துவிட்டது. அவற்றைத் தனியே நினைவில் கொள்க.

இத்தாலியத்திற்கு ஏன் செல்கிறோம்?

தமிழில் முன்னே, மலாயில் பின்னே என்று கண்டோம். நம் பள்ளியில் கற்பிக்கும் ஆங்கிலத்திலும் அடை பெரும்பாலும் முன்னேதான். இவ்விரு வழிகளையும் ஒருங்கே கையாளும் மொழி உண்டா? உண்டு. இத்தாலியம் அத்தகையது. இத்தாலிக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று வியக்க வேண்டா. தமிழ் இலக்கண வரலாற்றில் இத்தாலியர் ஒருவருக்கு உயர்ந்த இடம் உண்டு.

அவர்தாம் வீரமாமுனிவர். இயற்பெயர் கொன்ஸ்தான்சோ பெஸ்கி. 1680-ஆம் ஆண்டு இத்தாலியில், மாந்துவா வட்டாரத்துக் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார். சமயத் தொண்டு செய்ய 1710-இல் இந்தியாவுக்கு வந்து, பின்னர்த் தமிழகம் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது. முப்பது வயதிற்குமேல் தமிழ் எழுத்துகளை அறியத் தொடங்கிய அவர், பின்னர்ச் செய்தவற்றைப் பாருங்கள். 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணி என்னும் காப்பியத்தைப் பாடினார். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்திலக்கணமும் கூறும் தொன்னூல் விளக்கத்தை 1730-இல் இயற்றினார். 1732-இல் சதுரகராதியைத் தொகுத்தார். மக்கள் பேசும் தமிழுக்கு இலத்தீன் மொழியில் ஓர் இலக்கணமும், செந்தமிழுக்கு இலத்தீனில் மற்றோர் இலக்கணமும் எழுதினார். நீங்கள் படித்துச் சிரிக்கும் பரமார்த்த குருவின் கதையும் அவர் எழுதியதே.

பழைய ஏட்டுச் சுவடிகளில் எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவில் எழுதப்பட்டன. புள்ளி ஒன்றே குறிலை வேறுபடுத்தியது. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று பலர் அதையும் விட்டுவிட்டனர். படிப்போர் இடர்ப்பட்டனர். வீரமாமுனிவர் நெட்டெழுத்துக்குத் தனி வடிவம் வகுத்து அவ்விடரை நீக்கினார். இன்று நாம் 'கே' என்று எழுதும்போது இடும் மடித்த கொம்பு அச்சீர்திருத்தத்தின் பயனாகும்.

1966-இல் முதல் உலகத் தமிழ் மாநாடு நம் தலைநகர் கோலாலம்பூரில் நடைபெற்றது. அதனை முன்னின்று நடத்தியவர் மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறைத் தலைவராக விளங்கிய தனிநாயக அடிகளார். அவரும் இத்தாலியின் தலைநகராகிய உரோமாபுரியில் பயின்றவரே. இரண்டாம் மாநாடு 1968-இல் சென்னையில் நடந்தபோது, கடற்கரையில் நிறுவப்பெற்ற சிலைகளுள் வீரமாமுனிவர் சிலையும் ஒன்று. பிறமொழியாளர் ஒருவர் தமிழைக் கற்று, அதற்கு இலக்கணம் வகுக்கும் அளவு உயர்ந்தார் என்றால், தமிழ்ப்பிள்ளை ஒருவன் மலாயைக் கற்று உயர இயலாதா? இக்கேள்வியை மனத்தில் கொண்டு, அம்முனிவரின் தாய்மொழி பெயரடையை எவ்வாறு அமைக்கிறது என்று பார்ப்போம்.

பெயரைப் பின்பற்றும் அடை

இத்தாலியத்தில் அஃறிணை என்று தனிப் பிரிவு இல்லை. ஒவ்வொரு பெயரும் ஆண்பால் அல்லது பெண்பால். 'லீப்ரோ' என்றால் புத்தகம்; அது ஆண்பால். 'காஸா' என்றால் வீடு, அது பெண்பால். ஞாயிறு ஆண்பால், திங்கள் பெண்பால். புத்தகத்திற்கு மீசை உண்டா, வீட்டிற்குக் கூந்தல் உண்டா என்று கேட்டுப் பயனில்லை. அம்மொழியின் மரபு அது.

அடை தன் பெயரின் பாலையும் எண்ணையும் பின்பற்ற வேண்டும் என்பது இத்தாலியத்தின் முதல் விதி. சிவப்பைக் குறிக்கும் சொல்லை எடுத்துக்கொள்வோம்.

சிவப்புப் புத்தகம்: லீப்ரோ ரொஸ்ஸோ.
சிவப்புப் புத்தகங்கள்: லீப்ரி ரொஸ்ஸி.
சிவப்பு வீடு: காஸா ரொஸ்ஸா.
சிவப்பு வீடுகள்: காஸே ரொஸ்ஸே.

ஒரு சொல் நான்கு வடிவம் கொண்டது. ஓகாரத்தில் முடிந்தது ஆண்பால் ஒருமை. ஈற்றில் இகரம் வந்தது ஆண்பால் பன்மை. ஆகாரத்தில் முடிந்தது பெண்பால் ஒருமை. ஏகாரத்தில் முடிந்தது பெண்பால் பன்மை. நமக்கு இது புதிதன்று. அவன் நல்லவன், அவள் நல்லவள், அவை நல்லவை என்று நாம் முடிவில் செய்வதை அவர்கள் அடையிலும் செய்கிறார்கள்.

எல்லாச் சொல்லும் நான்கு வடிவம் கொள்வதில்லை. பச்சையைக் குறிக்கும் 'வேர்தே' என்னும் சொல் ஒருமையில் இருபாலுக்கும் வேர்தே. பன்மையில் இருபாலுக்கும் வேர்தி. ஆக இரண்டு வடிவம். நீலத்தைக் குறிக்கும் 'புளூ', இளஞ்சிவப்பைக் குறிக்கும் 'ரோஸா' போன்றவை எங்கும் மாறா, ஒரே வடிவம். ரோஸா என்பது முதலில் பூவின் பெயர். பூவின் பெயரே நிறத்திற்கு ஆனதால் அது தன் வடிவை விடவில்லை. நான்கு, இரண்டு, ஒன்று என்று எண்ணி வைத்தால் இத்தாலியச் சிறுவர்களின் இலக்கணப் பாடத்தில் ஒரு பெரும் பகுதி முடிந்தது.

இவ்விதியால் ஒரு நன்மையும் உண்டு. 'மானோ' என்றால் கை. ஓகாரத்தில் முடிவதால் ஆண்பால் போலத் தோன்றும். ஆனால் அது பெண்பால். ஐயம் வந்தால் அடையை நோக்க வேண்டும். சிவந்த கையை 'மானோ ரொஸ்ஸா' என்பர். 'ரொஸ்ஸா' என்னும் அடை, பெயர் மறைத்த பாலைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

ஆண்பாற் பெயரும் பெண்பாற் பெயரும் சேர்ந்து வந்தால் என்ன செய்வது? புத்தகம் ஆண்பால், 'பென்னா' என்னும் பேனா பெண்பால். இரண்டும் சிவப்பு என்று சொல்ல வேண்டின் ஆண்பாற் பன்மையாகிய ரொஸ்ஸி என்பதையே இடுவர். தமிழிலோ ஆணும் பெண்ணும் சேர்ந்தால் பலர்பால் என்னும் பொதுவடிவம் உண்டு. மாணவனும் மாணவியும் 'நல்லவர்கள்' என்கிறோம். இத்தகைய பொதுவடிவம் தமிழுக்கு உள்ள சிறப்பு என்று கொள்ளலாம்.

இடம் மாறினால் பொருள் மாறும்

இத்தாலியத்தில் அடை பெரும்பாலும் பெயருக்குப் பின்னே நிற்கும். நிறம், வடிவம், நாடு ஆகியவற்றைக் குறிப்பவை பின்னேதான் நிற்கும். இவ்வகையில் அது மலாயைப் போன்றது. ஆனால் நல்ல, அழகிய, பெரிய, சிறிய, பழைய, புதிய என்றாற்போல அடிக்கடி வழங்கும் சில அடைகள் முன்னேயும் வரும். இவ்வகையில் அது தமிழைப் போன்றது.

முன்னே நின்றால் ஒரு பொருள், பின்னே நின்றால் வேறொரு பொருள் என்பதுதான் இங்குக் கவனிக்கத் தக்கது. 'அமீக்கோ' என்றால் நண்பன். 'வெக்கியோ' என்றால் பழைய அல்லது முதிய. 'வெக்கியோ அமீக்கோ' என்றால் நெடுநாளைய நண்பன். அவன் வயது பத்தாகவும் இருக்கலாம். 'அமீக்கோ வெக்கியோ' என்றால் வயதில் முதிர்ந்த நண்பன். நேற்றுப் பழகியவனாகவும் இருக்கலாம். 'தொன்னா' என்றால் பெண். 'பொவெரா தொன்னா' என்றால் இரங்கத்தக்க பெண்; 'தொன்னா பொவெரா' என்றால் பொருள் இல்லாத பெண். பின்னே நிற்கும் அடை கண்ணால் காணும் தன்மையைச் சொல்லும். முன்னே நிற்கும் அடை பேசுவோரின் உள்ளம் கருதுவதைச் சொல்லும்.

நம் தோட்ட வழக்கிலும் இத்தகைய இரட்டைப் பொருள் உண்டு. ஒருகாலத்தில் தோட்ட நிருவாகியைப் பெரிய துரை என்றும் அவருக்கு அடுத்தவரைச் சின்னத் துரை என்றும் அழைத்தனர். பெரிய துரை குட்டையாக இருந்திருக்கலாம். சின்னத் துரை ஆறடி உயரம் இருந்திருக்கலாம். அங்கே பெரிய என்பது உடலைக் குறிக்கவில்லை, பதவியைக் குறித்தது. தமிழில் அடை இடம் மாற இயலாது. ஆகவே உடலைச் சொல்ல வேண்டின் 'ஆள் உயரமானவர்' என்று முடிவில் வைத்துச் சொல்கிறோம். மலாயிலும் இதனைக் காணலாம். 'ஓராங் துவா' என்றால் பெற்றோர் என்று பொருள்படும். முதியவர் ஒருவரைத் தெளிவாகச் சொல்ல வேண்டின் 'ஓராங் யாங் துவா' என்று இடையில் 'யாங்' சேர்ப்பர். வேண்டிய பொருளைத் தெளிவாக்க இத்தாலியர் இடத்தை மாற்றுகின்றனர். மலாய்க்காரர் ஒரு சொல்லைச் சேர்க்கின்றனர். நாம் வாக்கியத்தை மாற்றுகிறோம்.

ஓசைக்காக மாறும் அடை

மற்றுமோர் ஒற்றுமை உங்களை வியக்கச் செய்யும். இத்தாலியத்தில் 'பெல்லோ' என்றால் அழகிய. அது பெயருக்கு முன்னே வரும்போது, அடுத்து வரும் ஓசைக்கு ஏற்ப மாறும். பூவைக் குறிக்கும் 'ஃபியோரே'க்கு முன் 'பெல்' என்று குறுகும்: பெல் ஃபியோரே. மரத்தைக் குறிக்கும் 'ஆல்பெரோ' உயிரெழுத்தில் தொடங்குவதால், இறுதி ஓகாரம் கெட்டுப் 'பெல்லால்பெரோ' என்று ஒட்டி ஒலிக்கும். கண்ணாடியைக் குறிக்கும் 'ஸ்பெக்கியோ' என்னும் சொல்லின் முதலில் மெய்கள் நெருங்கி நிற்பதால், அங்கே முழுச்சொல்லாகவே 'பெல்லோ ஸ்பெக்கியோ' என வரும்.

இப்போது தமிழைப் பாருங்கள். பெருமை என்னும் சொல் கடல் என்பதோடு சேர்ந்தால் பெருங்கடல். ஊர் என்பதோடு சேர்ந்தால் பேரூர். செம்மை என்பது தாமரைக்கு முன் செந்தாமரை. வானத்திற்கு முன் செவ்வானம். பனைக்கு முன் செம்பனை. வருமொழியின் முதலெழுத்தை நோக்கி அடை தன் வடிவை மாற்றிக்கொள்கிறது. புணர்ச்சி விதி என்று நாம் அஞ்சும் பாடம் இதுவே. பல்லாயிரம் கல் தொலைவில் வாழும் மக்களும், நாவிற்கு எளிதாகும் பொருட்டு, இத்தகைய மாற்றத்தைத் தம் மொழியில் செய்துகொண்டனர். நாவின் இயல்பு எங்கும் ஒன்றே.

மிகுதியைக் காட்டும் முறை

ஒரு பண்பு மிக்கிருப்பதைச் சொல்லவும் ஒவ்வொரு மொழிக்கும் தனி வழி உண்டு. இத்தாலியர் அடையின் இறுதியில் ஒரு விகுதியைச் சேர்ப்பர். பெல்லோ அழகிய, 'பெல்லிஸ்ஸிமோ' மிக அழகிய. தமிழில் மிக என்பதை முன்னே இடுகிறோம். சால, தவ, நனி முதலிய உரிச்சொற்களும் அப்பொருள் தரும். பேச்சுவழக்கில் அடையையே அடுக்கிச் செக்கச்செவேல், பச்சைப்பசேல், கன்னங்கரேல், சின்னஞ்சிறு என்று கூறுவதும் உண்டு. மலாயில் 'ஹீத்தாம் லெகாம்' என்றால் கன்னங்கரேல். 'பூத்தே மெலெப்பாக்' என்றால் வெள்ளைவெளேர். கருமைக்குத் துணையாக வரும் சொல்லை வெண்மைக்கு இட முடியாது. நாமும் செக்கப்பசேல் என்று சொல்வதில்லை அன்றோ?

பிழையின் வேர் எங்கே?

இனி அத்தந்தையாரின் கேள்விக்கு வருவோம். அவருடைய மகன் ஐந்து இடங்களில் பிழை செய்தான். ஐந்தும் ஒரே பிழை. மலாய்ச் சொல் ஒவ்வொன்றையும் சரியாக அறிந்திருந்தான். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. வரிசையை மட்டும் தமிழுக்குரியதாக அமைத்துவிட்டான். மண்டையில் ஏறாத பிள்ளை ஐந்து இடத்தில் ஐந்து விதமாகத் தவறியிருப்பான். இவன் ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு, அதை எங்கும் தவறாமல் பின்பற்றியிருக்கிறான். விதி வேறு மொழிக்குரியது என்பதே குறை. இலக்கணம் அவனுக்குள் இருக்கிறது. இன்னும் ஒரு விதியை அதன் அருகில் வைத்தால் போதும்.

தமிழ்ப்பள்ளியில் சேர்த்தது தவறன்று என்று அவரிடம் கூறினோம். தன் மொழியில் 'அடை முன்னே நிற்கும்' என்று தெளிவாக அறிந்த பிள்ளைக்கே, 'மலாயில் பின்னே நிற்கும்' என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிக்கொடுக்க முடியும். தன் மொழியின் விதியை அறியாத பிள்ளைக்கு எதனோடு ஒப்பிட்டுக் காட்டுவது? பின்னர் அச்சிறுவனை அழைத்து, இலக்கணப் பெயர் எதையும் கூறாமல், "தம்பி, ஆயர் ஈத்தாம் என்பதில் எந்தச் சொல் முதலில் வருகிறது?" என்று கேட்டோம். சற்று நேரம் யோசித்தான். "தண்ணீர் முதலில் வருகிறது, கறுப்பு பின்னால் வருகிறது" என்றான். பிறகு தன் ஏட்டை வாங்கி, ஐந்து விடைகளையும் தானே திருத்தினான். தந்தையார் அவன் எழுதி முடிக்கும்வரை நின்றுகொண்டே பார்த்தார்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளையின் ஏட்டில் சிவப்புக் கோடுகளைக் கண்டால், அவை எத்தனை என்று மட்டும் எண்ண வேண்டா. அவை ஒரே வகையா, பல வகையா என்றும் பாருங்கள். ஒரே வகையாயின் திருத்துவது எளிது. வேலை முடிந்து வீடு திரும்பியபின் ஐந்து நிமிடம் போதும். வீட்டில் உள்ள பொருள்களைக் காட்டித் தமிழில் ஒரு முறை, மலாயில் ஒரு முறை சொல்லச் செய்யுங்கள். உங்களுக்குத் தெரிந்த சந்தை மலாயும் அதற்கு உதவும்.

மாணவச் செல்வங்களே! முப்பது வயதில் தொடங்கிய ஒருவர் தமிழுக்கு இலக்கணம் எழுதினார். நீங்களோ ஏழு வயதிலேயே மூன்று மொழிகளைத் தொடங்கிவிட்டீர்கள். பிழை நேரின் அஞ்ச வேண்டா. எம்மொழியின் விதி எம்மொழியில் நுழைந்தது என்று கண்டுபிடியுங்கள்.

பயிற்சி

1. கீழ்க்காணும் பண்புத்தொகைகளைப் பிரித்து எழுதுக: செவ்வானம், கருங்கல், பேரூர், வெண்ணிலா.

2. மலாயில் எழுதுக: சிவப்புப் பூ, புதிய சாலை, பெரிய வீடு. (பூ என்பதற்கு மலாய்ச் சொல் பூங்ஙா.)

3. இத்தாலியத்தில் 'பச்சை வீடுகள்' என்பதை எவ்வாறு கூறுவர்? பன்மையில் 'வேர்தே' என்னாகும் என்பதை நினைவில் கொண்டு விடை காண்க.

4. 'வெக்கியோ அமீக்கோ', 'அமீக்கோ வெக்கியோ' என்னும் இரண்டனுள், உங்களோடு முதலாம் ஆண்டு முதல் படித்துவரும் தோழனை எவ்வாறு அழைப்பீர்கள்?

5. உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியில் உள்ள மலாய் ஊர்ப்பெயர், சாலைப்பெயர் ஐந்தனைத் திரட்டி, ஒவ்வொன்றிலும் பெயர் எது, அடை எது என்று பெற்றோரிடம் கூறுக.